குடகனாறு கேட்கும் கணக்கு

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துக் காக்கும் அல்லாஹ்வுக்கே!

அரபு மதரஸாவில் ஃபிக்ஹு எனும் மார்க்கச் சட்டத்தைக் கற்கப் புகும் மாணவன் முதன்முதலில் தொழுகையைப் பற்றிப் படிப்பதில்லை. நோன்பைப் பற்றியும் படிப்பதில்லை. தண்ணீரைப் பற்றியே படிக்கின்றான். நம் பகுதி மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாகப் போதிக்கப்பட்டு வரும் 'குதூரி' என்னும் ஹனஃபி மத்ஹபு நூலின் முதற்பகுதியே 'தஹாரத்' என்னும் தூய்மைதான். எந்த நீர் தூய்மையானது? எந்த நீரில் உளூச் செய்யலாம்? எது தேங்கிய நீர், எது ஓடும் நீர்? இவற்றை அறிந்த பிறகே அவன் தொழுகையின் வாசலை அடைகின்றான்.

ஓடும் நீருக்கு நம் இமாம்கள் கூறிய இலக்கணம் மிக எளிமையானது. ஒரு வைக்கோல் துரும்பை இட்டால் அதனை அடித்துச் செல்லுமாயின் அது ஓடும் நீர். காவிரியாக இருக்கவேண்டும் என்பதில்லை. சிறு ஓடையாக இருந்தாலும் போதும். அத்தகைய நீரில் அசுத்தம் ஏதேனும் விழுந்துவிட்டால்கூட, நிறம், சுவை, மணம் ஆகிய மூன்று குணங்களில் ஒன்றில் அவ்வசுத்தத்தின் அடையாளம் தெரியாதவரை அந்நீர் தூய்மையானதே. ஓடிக்கொண்டிருக்கும் நீரின்மீது ஷரீஅத் அவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கின்றது.

இந்தப் பாடத்தைத் திண்டுக்கல்லில் இருந்துகொண்டு நடத்தும் ஆசிரியர் எவரும், "இதோ நம் ஊர் ஆற்றைப் பாருங்கள்" என்று மாணவர்களுக்குக் குடகனாற்றைச் சுட்டிக்காட்டிவிட முடியாது. ஆண்டின் பெரும்பகுதியில் அங்குத் துரும்பை அடித்துச் செல்ல நீர் இல்லை. நீர் நிற்கும் இடங்களிலோ மூன்று குணங்களும் எப்போதோ மாறிவிட்டன. ஏன் இவ்வாறு ஆயிற்று? யாருடைய கைகள் இதனைச் செய்தன? இந்த மாதம் இதனைப் பற்றிச் சற்றே சிந்திப்போம்.

மலையிலிருந்து அமராவதி வரை

திண்டுக்கல் நகருக்கு மேற்கே எழுந்து நிற்கும் கீழ்ப் பழனி மலைத்தொடரில் பிறக்கும் ஓடைகள் ஒன்றுகூடிக் குடகனாறாக இறங்குகின்றன. மலையடிவாரத்தில், ஆத்தூருக்கு அருகே, காமராஜர் நீர்த்தேக்கம் அந்நீரை வாங்கிக்கொள்கின்றது. திண்டுக்கல் நகரத்தார் நெடுங்காலமாகக் குடித்துவரும் தண்ணீர் அங்கிருந்து வருவதுதான். பின்னாளில் பேரணைத் தண்ணீரும் காவிரித் தண்ணீரும் வந்து சேர்ந்தன என்றாலும், "ஆத்தூர்த் தண்ணீர்" என்ற பெயர் நம் வீடுகளில் இன்னும் மறக்கப்படவில்லை.

அணையைத் தாண்டிய ஆறு அனுமந்தராயன்கோட்டை வழியாகச் சமவெளியில் நுழைந்து, திண்டுக்கல் நகரை மேற்கே ஒதுக்கிவிட்டு, வேடசந்தூரை நோக்கி வடக்கே செல்கின்றது. கிழக்கே சிறுமலையில் பிறக்கும் சந்தனவர்த்தினியும் மாங்கரையாறும் அதனோடு வந்து கலக்கின்றன. அழகாபுரியில் மற்றோர் அணை. பிறகு கரூர் மாவட்டத்திற்குள் புகுந்து அமராவதியில் சங்கமமாகின்றது. அமராவதி காவிரியோடு சேர்கின்றது. ஆகவே நம் ஊர் ஓரத்தில் ஓடும் இந்தச் சிற்றாறும் காவிரியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இது மழையை நம்பிய ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பொழிந்தால் ஓடும். பொய்த்தால் மணலாய்க் கிடக்கும். ஆயினும் சிறியது என்று இதனை இகழ்ந்துவிடுவதற்கில்லை. 1977-ஆம் ஆண்டு பெருமழையில் வெள்ளம் திரண்டு வந்தபோது, மின்சாரம் நின்றுபோனதால் அழகாபுரி அணையின் மதகுகளை முழுமையாகத் தூக்க இயலவில்லை. ஊழியர்கள் கைகளாலேயே தூக்க முயன்றும் பயனில்லாமல், வெள்ளம் கரையின்மேல் வழிந்து அணையைப் பல இடங்களில் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. அந்த அழிவைக் கண்ட பெரியவர்கள் வேடசந்தூர்ப் பகுதியில் இன்றும் இருக்கின்றனர்.

ஆற்றின் இரு புறத்திலும் இருப்பது பாறை நிலம். திண்டுக்கல் என்ற பெயரே கல்லைச் சொல்வதுதானே! மேல்மண்ணுக்குக் கீழே சற்று ஆழத்திலேயே பாறை வந்துவிடும். உக்கிப்போன மேற்பாறையிலும் வெடிப்புகளிலும் தேங்கும் மழைநீர்தான் கிணற்று நீர். ஆறு ஓடினால் கரையோரக் கிணறுகள் ஊறும். ஆற்றில் எதைக் கலந்தாலும் அது கிணற்றுக்கும் வந்து சேரும். வந்து சேர்ந்தது எளிதில் வெளியேறாது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

தோல் ஷாப்புகளின் காலம்

1755-இல் ஹைதர் அலி மைசூர் அரசின் ஃபௌஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்தார். அவருடைய சகோதரி அமீருன்னிஸா பேகம் அடக்கமாகியிருக்கும் இடமே பேகம்பூர் என்று பெயர் பெற்றது என்பதை நம் குழந்தைகளும் அறிவர். அந்தப் பேகம்பூரையும் அதனைச் சுற்றியுள்ள பகுதிகளையும் பிற்காலத்தில் வாழவைத்த தொழில்களில் முதன்மையானது தோல் பதனிடுதல்.

அதற்குரிய அனைத்தும் இங்கே இருந்தன. வறண்ட சமவெளியில் ஆடுகள் மிகுதி. தோலைப் பதப்படுத்த வேண்டிய ஆவாரம்பட்டை இச்செம்மண் காடுகளில் தானாகவே விளைந்தது. சுண்ணாம்பு கிடைத்தது, கடுக்காய் மலையிலிருந்து வந்தது. தோலைச் சென்னைக்கு அனுப்ப ரயில் பாதை இருந்தது. முதலீடு செய்ய நம் சமுதாயத்து வணிகர்கள் முன்வந்தனர். உழைக்க, பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சமுதாயத்தைச் சார்ந்த ஏழை எளியவர்கள் இருந்தனர். சுண்ணாம்புக் குழியில் முழங்காலளவு நின்று அவர்கள் பட்ட பாடுகளை மையமாக வைத்து திண்டுக்கல்லில் வாழ்ந்த எழுத்தாளர் டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' என்னும் நாவல் 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

நம் மதரஸாக்களுக்கும் இத்தொழிலுக்கும் உறவு உண்டு. ஹஜ்ஜுப் பெருநாளன்று அறுக்கப்படும் குர்பானிப் பிராணியின் தோலை அறுத்தவருக்குக் கூலியாகக் கொடுக்கக்கூடாது. விற்றால் அந்தப் பணம் ஏழைகளுக்கு உரியது என்பது சட்டம். ஆகவே ஜமாஅத்தார் தோல்களைத் திரட்டி விற்று, அப்பணத்தை ஏழை மாணவர்கள் தங்கிப் படிக்கும் மதரஸாக்களுக்கு வழங்கினர். தோல் விலை வீழ்ந்துவிட்ட இக்காலத்தில் அந்த வருவாய் பெரிதும் சுருங்கிவிட்டது. ஆனால் முன்னர் எத்தனையோ மாணவர்களின் உணவுக்கு அதுவே ஆதாரமாயிருந்தது. ஆகவே, இந்த ஆற்றின் கதை முதலாளிகளை மட்டும் பற்றிய கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

பட்டை போய் குரோமியம் வந்தது

பதனிட்டால் தோல் தூய்மையாகிவிடுகின்றது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. தோல் தூய்மையாயிற்று, தண்ணீர் என்னவாயிற்று?

ஆட்டிலிருந்து உரித்த தோல் கெட்டுவிடாதிருக்க அதன்மீது உப்பைக் கொட்டித் தேய்க்கின்றனர். தோல் ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை ஊறவைத்தல். அப்போது இரத்தமும் சாணமும் அந்த உப்பு முழுவதும் தண்ணீரில் இறங்குகின்றன. பிறகு சுண்ணாம்பில் இட்டு மயிரை நீக்குகின்றனர், சதையைச் சீவுகின்றனர். அதன் பின்னரே பதனிடுதல். ஆவாரம்பட்டையால் பதனிட்ட காலத்தில் நாட்கள் பல ஆகும். கழிவுநீரில் நாற்றமும் நிறமும் இருந்தன. ஆயினும் உற்பத்தி அளவோடு இருந்தது.

1970-களில் நிலை மாறிற்று. அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யாமல், முழுமையாக்கிய தோலையும் தோற்பொருள்களையுமே ஏற்றுமதி செய்யவேண்டும் என்று மத்திய அரசு சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படிக் கொள்கை வகுத்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டும். இங்கேயே வேலைவாய்ப்புப் பெருகவேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் அதன் விளைவாகக் குரோமிய உப்பால் விரைவாகப் பதனிடும் முறை பரவியது. சாயங்களும் அமிலங்களும் வந்தன. தோலின் அளவும் பெருகிற்று. கழிவுநீர் போவதற்கு மட்டும் புதிய வழி ஏதும் காணப்படவில்லை. பழைய வழியிலேயே, தாழ்ந்த நிலத்துக்கும் குளத்துக்கும் ஓடைக்கும், அவற்றின் வழியே குடகனாற்றுப் படுகைக்கும் அது சென்றது.

1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றில் நம் ஊரின் பெயர் இடம்பெற்றது. பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்ததை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. நீதியரசர்கள் குல்தீப் சிங், ஃபைஸான் உத்தீன், கே. வெங்கடசாமி ஆகியோர் அதனை விசாரித்தனர். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாவதையும், குரோமிய முறையில் 170 வகை இரசாயனங்கள் பயன்படுவதையும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் தொண்டு நிறுவனமொன்று நடத்திய ஆய்வில், 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்பதையும் அது பதிவு செய்தது.

நான்கில் மூன்று கிணறுகள்! சற்றே நிறுத்தி இதனை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கிணறும் ஒரு குடும்பத்தின் வயல். ஒரு பெண்ணின் குடம். ஒரு தகப்பன் தன் மகனுக்கு விட்டுச்செல்ல இருந்த சொத்து.

அந்நியச் செலாவணி ஈட்டித் தருகின்றது என்பதற்காக எந்தத் தொழிலும் மண்ணையும் நீரையும் மக்களின் உடல்நலத்தையும் அழிக்க உரிமை பெறாது என்று நீதிமன்றம் உறுதியாகக் கூறிற்று. கெடுத்தவரே அதனைச் சீராக்கும் செலவை ஏற்கவேண்டும் என்பதும், கேடு வருமுன் காக்கவேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாதவற்றை மூட உத்தரவாயிற்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. தொடர்ந்து தாக்குப்பிடிக்க இயலாத சிறிய ஷாப்புகள் பல மூடப்பட்டன. உழைத்தவர்களும் வேலையிழந்தனர்.

அத்துடன் கணக்குத் தீர்ந்துவிட்டதா? இல்லை. ஹைதராபாத்திலுள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் குடகனாற்றின் மேற்படுகையை ஆராய்ந்து 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டனர். அக்காலத்தில் இயங்கிக்கொண்டிருந்த தோல் ஷாப்புகள் ஏறத்தாழ 80. கழிவைப் பாதியாகக் குறைத்தாலும், 20 ஆண்டுகள் கழிந்த பின்னும் நிலத்தடி நீரிலுள்ள உப்பின் அளவு பாதிக்குக் கீழே இறங்காது என்பது அவர்கள் கணக்கிட்டுக் கண்ட முடிவு. பாறை நிலம் தான் வாங்கியதை எளிதில் விடாது என்று முன்னர் சொன்னேனே, அதன் பொருள் இதுதான்.

உளூக் கூடும், உரிமை தீருமா?

இங்கே ஒரு மார்க்கச் சட்ட நுணுக்கத்தை நாம் கவனிக்கவேண்டும். "எங்கள் கிணற்று நீர் உப்பாகிவிட்டது, அதில் உளூச் செய்யலாமா?" என்று ஒருவர் கேட்டால், "செய்யலாம்" என்றே பதில் கூறப்படும். கடல் நீரே தூய்மையானது எனும்போது உப்பு நீரில் உளூவுக்குத் தடையில்லை. நஜீஸின் அடையாளம் தெரிந்தால்தான் தடை.

ஆனால் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டால் நாம் ஃபிக்ஹின் பாதியை மட்டுமே படித்தவர்களாவோம். அந்தக் கிணற்றுக்கு உரியவரின் உரிமை என்னவாயிற்று என்பது அடுத்த கேள்வி. அது 'ஹக்குல் இபாத்', அதாவது அடியார்களின் உரிமை. அல்லாஹ்வுக்குச் செய்யவேண்டிய கடமையில் குறை வைத்தவன் தவ்பாச் செய்து மன்னிப்பைப் பெறலாம். அடியாரின் உரிமையைப் பறித்தவனோ, அதனைத் திருப்பித் தந்தாலொழிய, அல்லது உரியவர் மன்னித்தாலொழிய, மறுமையில் தன் நன்மைகளைக் கொண்டே ஈடுசெய்ய நேரும் என நம் உலமாக்கள் எச்சரிக்கின்றனர். உரிமையை இழந்தவர் முஸ்லிமா, இந்துவா, கிறித்தவரா என்று இச்சட்டம் பார்ப்பதில்லை. அண்டை வீட்டாருக்கு இழைக்கப்படும் தீங்கு தீங்குதான்.

தண்ணீர் விஷயத்தில் இந்த உரிமையை நம் மார்க்கம் எவ்வளவு நுட்பமாக வரையறுத்திருக்கின்றது என்று பாருங்கள். ஒருவர் தோண்டிய கிணற்றைச் சுற்றி 40 முழத்துக்குள் இன்னொருவர் வந்து கிணறு வெட்டக்கூடாது. அது அக்கிணற்றின் 'ஹரீம்' எனப்படும் காப்பெல்லை. மக்கள் நீரெடுக்கும் துறையிலும் நடக்கும் பாதையிலும் இளைப்பாறும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தைத் தேடித் தரும் செயல் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். பிறருக்குத் தீங்கிழைத்தலும் கூடாது. பதிலுக்குப் பதில் தீங்கிழைத்தலும் கூடாது என்பது நம் சட்டத்தின் மூலவிதிகளுள் ஒன்று.

மதீனாவில் மலைவெள்ளம் வரும் வாய்க்கால் ஒன்றின் மேற்புறத்தில் ஹழ்ரத் ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டமும், கீழ்ப்புறத்தில் ஓர் அன்ஸாரித் தோழரின் தோட்டமும் இருந்தன. இருவருக்கும் தண்ணீரில் பிணக்கு. ஸுபைர் நாயகம் (ஸல்) அவர்களின் மாமி மகன். அவ்வாறிருந்தும், முழு உரிமையையும் வாங்கிக்கொள்ளாமல் அளவோடு பாய்ச்சிவிட்டுக் கீழே உள்ளவருக்குத் திறந்துவிடுமாறே முதலில் சமரசம் சொன்னார்கள். அன்ஸாரி அதனையும் குறைகூறிய பிறகுதான் மேல்மடைக்காரரின் முழு உரிமை எவ்வளவு என்பதை வரையறுத்தார்கள். அந்த முழு உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. அதன்பின் தண்ணீர் கீழே இறங்கியே ஆகவேண்டும்.

குடகனாற்றுக்கு இந்தப் பாடம் இரண்டு வகையில் பொருந்தும். ஆத்தூரின் அருகே தண்ணீரை இராஜவாய்க்காலில் திருப்புவது பற்றி, வாய்க்கால் பாசனத்தாருக்கும் கீழே உள்ள ஆற்றோர விவசாயிகளுக்கும் அண்மை ஆண்டுகளில் கடுமையான பிணக்கு எழுந்ததை யாவரும் அறிவர். இரு தரப்பிலும் உழைப்பாளிகளே இருக்கின்றனர்; எவர் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் கீழே இருப்பவனுக்கும் பங்கு உண்டு என்பதை எந்தத் தரப்பும் மறக்கலாகாது. இரண்டாவது, தண்ணீரை அனுப்பினால் மட்டும் போதாது. கெடாத தண்ணீராக அனுப்பவேண்டும். நஞ்சு கலந்து அனுப்புவது அனுப்பாதிருப்பதைவிடக் கொடியது.

நம் வீட்டு வாசலில் தொடங்குவோம்

தோல் ஷாப்புகள் குறைந்துவிட்டன. எனினும் ஆற்றின் துன்பம் குறையவில்லை. மணல் அள்ளப்பட்டது, சீமைக் கருவேல் மண்டிற்று, சாக்கடையும் குப்பையும் ஓடைகளின் வழியே சேர்கின்றன. அந்தச் சாக்கடை எவருடையது? நம் ஒவ்வொருவர் வீட்டினுடையதும்தான்.

முதலாவதாக, தண்ணீரை அளவோடு செலவிடுவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில், அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டரில், உளூச் செய்தார்கள். ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தாலும் விரயம் விரயமே என்று போதித்தார்கள். குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே உளூச் செய்யும் நாம் எத்தனை முத்து நீரைச் செலவிடுகின்றோம்? பள்ளிவாசல் ஹவுளிலிருந்து வெளியேறும் நீரைச் சாக்கடையில் விடாமல் உறிஞ்சுகுழியிலோ தென்னை மரத்தடியிலோ விடுவதற்கு ஒவ்வொரு ஜமாஅத்தும் ஏற்பாடு செய்யலாம். அதற்குப் பெரும் பொருள் தேவைப்படாது.

இரண்டாவதாக, குர்பானி நாட்கள். அறுத்த இடத்து இரத்தத்தையும் குடலையும் சாணத்தையும் ஓடையிலோ வாய்க்காலிலோ கொட்டுவது இபாதத்தின் அழகையே கெடுக்கும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். அல்லது நகராட்சி, மாநகராட்சி ஊழியர் எடுத்துச் செல்லும்படி முறையாகச் சேர்த்து வையுங்கள். தோலுக்குத் தேவைக்குமேல் உப்பைக் கொட்டவேண்டாம். ஒருமுறை கொட்டும் உப்பு எங்கே போய்ச் சேர்கின்றது என்பதை இப்போது அறிந்துகொண்டோம்.

மூன்றாவதாக, இன்றும் தோல் தொழிலில் இருக்கும் நம் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. ஊறவைப்பதற்கு முன்னர் தோலை உதறி உப்பைத் தனியே எடுத்துவிட்டாலே கழிவுநீரின் உப்பு குறையும் என்று தோல் ஆராய்ச்சியாளர்கள் பலகாலமாகச் சொல்லி வருகின்றனர். சுத்திகரிப்புக்கு ஆகும் செலவை அதிகாரிகளுக்காகக் கட்டும் தண்டமென்று எண்ணாதீர்கள். உங்கள் வருமானம் முழுமையாக ஹலாலாவதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அது. ஆய்வாளர் வராத இரவிலும் அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கின்றான்.

நான்காவதாக, வசதியுள்ளவர்களுக்கு. மதீனாவில் குடிநீருக்கு மக்கள் விலை கொடுத்து வருந்தியபோது ஹழ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி எல்லாருக்கும் வக்ஃபாக்கினார்கள். கிணறு கெட்டுப்போன கிராமங்களில் குடிநீருக்கு வழி செய்வதும், வறண்ட குளத்தைத் தூர்வாரித் தருவதும் அதே வழியிலான ஸதகத்துல் ஜாரியாதான். நம் தொழிலால் கெட்ட கிணறுகள் இருக்கும் ஊரில், நம் பொருளால் ஒரு குடிநீர்த் தொட்டி எழும்புமானால் அது தர்மம் மட்டுமன்று. கடனைத் திருப்பும் முயற்சியுமாகும்.

தாய்மார்களே! மதரஸாவில் நாங்கள் கற்பிப்பது ஏட்டுப் பாடம். குழந்தை அதனை வாழ்க்கையில் முதலில் காண்பது உங்கள் அடுக்களையிலும் முற்றத்திலும்தான். வாளியில் மிஞ்சிய நீரைச் செடிக்கு ஊற்றும் தாயின் கையைப் பார்த்து வளரும் பிள்ளை, நாளை ஒரு தொழிற்சாலைக்கே அதிபதியானாலும் கழிவுநீரைக் கண்மூடித் திறந்துவிடத் துணியாது.

உயிருள்ள ஒவ்வொன்றையும் தண்ணீரிலிருந்தே உண்டாக்கிய வல்ல அல்லாஹ், அத்தண்ணீரின் உரிமையையும் அதனை நம்பி வாழும் அனைவரின் உரிமையையும் பேணி நடக்கும் நற்பேற்றை நமக்கும் நம் சந்ததியினருக்கும் வழங்குவானாக! நம் ஊருக்கு நல்ல மழையைத் தந்து குடகனாற்றைத் தெளிந்த நீரோடு ஓடச் செய்வானாக! ஆமீன்.